தோலுக்கு நற்சான்றிதழ்

மனித குலத்தின் தலையாய கண்டுபிடிப்பு சக்கரம் என்பார்கள் சிலர். நெருப்பு என்பார்கள் வேறு சிலர். இரு தரப்பாரும் ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டுப் பார்க்காதவர்கள். பழத்தைத் தின்பது எந்தக் குரங்குக்கும் கைவந்த காரியம். தோலைக் குப்பைக் கூடையில் போடாமல் கழுவி, நறுக்கி, வேகவைத்து, பத்து நாள் பாகில் கிடத்தி, கம்பி வலையில் உலர்த்தி, சர்க்கரைத் தூளில் புரட்டி, டப்பாவில் அடைத்து, மூடியில் தேதி எழுதி, தனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்குத் தின்னக் கொடுப்பது இருக்கிறதே, அதற்கு மனிதப் பிறவி வேண்டும். அதிலும் கொஞ்சம் உயர்ந்த பதவி வேண்டும்.

எடை அளவுச் சரிபார்ப்பு அலுவலகத்தின் தலைமைக் கட்டுப்பாட்டாளருக்கு இரண்டும் வாய்த்திருந்தன.

கடைகளில் இருக்கும் தராசுகளும் எடைக்கற்களும் சொல்வது உண்மைதானா என்று சோதிப்பது அந்த அலுவலகத்தின் கடமை. உண்மை என்றால் முத்திரை. பொய் என்றால் பறிமுதல். அந்த முத்திரையைக் குத்தும் மேசையில் பதினோரு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தவள் முத்திரை எழுத்தர். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு கடிதத்தை அவள் எழுதினால் அடித்தல் திருத்தல் இருக்காது. அதில் சொல்லியிருப்பது பொய்யாக இருந்தாலும் படிக்கிறவருக்குச் சந்தேகம் வராது. இந்தத் திறமை அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் இந்த வரலாறு.

அவள் வாழ்க்கையில் வேண்டியது ஒன்றே ஒன்று. துறைமுகக் கிளைக்கு இடமாற்றம். கணவன் துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் அவனோடும் நாத்தனாரோடும் அங்கே. இவள் மட்டும் இங்கே, ஒற்றை அறையில், ஒற்றைத் தட்டோடு. ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் ஏழு மணி நேரம் ரயிலில் போய், ஞாயிறு மாலை ஏழு மணி நேரம் ரயிலில் திரும்புவாள். எந்தப் பதவியாக இருந்தாலும் சரி, துறைமுகக் கிளைக்கு ஆண்டுக்கு ஒருவரைத்தான் அனுப்பலாம் என்பது விதி. அந்த ஒருவர் யார் என்று எழுதுவது கட்டுப்பாட்டாளரின் பேனா. அவளுடைய மூன்றாவது மனு அவர் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் நான்கு மாதமாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

கட்டுப்பாட்டாளருக்குத் தோல் ஞானம் பிறந்தது 'மன அழுத்த மேலாண்மை' பயிற்சி முகாமில். "கைகளுக்கு ஏதாவது வேலை கொடுங்கள்" என்று அங்கே சொன்னார்களாம். அதுவரை அவருடைய கைகளுக்குக் கையெழுத்துப் போடும் வேலை மட்டுமே இருந்தது. அடுத்த வாரமே வீட்டில் ஆரஞ்சு, எலுமிச்சை, சாத்துக்குடி என்று வாங்கிக் குவித்தார். பழத்தை என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. தோல் மட்டும் அலுவலகத்துக்கு வந்தது.

திங்கள்கிழமை பதினொரு மணிக்கு 'சுவை மதிப்பீட்டுக் கூட்டம்'. வருகை கட்டாயமில்லை, வராதவர்கள் மட்டும் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆய்வகத்திலிருந்து கண்ணாடிக் கூண்டுத் தராசு கூட்ட அறைக்கு வந்துவிடும். ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு.

"இந்த வாரத் துண்டுகள் சராசரி நாலு புள்ளி ரெண்டு கிராம். பிசகு பத்து மில்லிகிராமுக்குள்ள" என்பார் கட்டுப்பாட்டாளர்.

"பிசகே இல்ல சார்" என்பார் கண்காணிப்பாளர்.

கண்காணிப்பாளருக்கு அலுவலகத்தில் 'எதிரொலி' என்று பெயர். மலையடிவாரத்தில் நாம் கத்திய பிறகுதான் எதிரொலி கேட்கும். இவர் அதிகாரி வாயைத் திறக்கும்போதே ஒலித்துவிடுவார். அந்த வகையில் இயற்கையைவிட ஒரு படி மேல்.

நீளம், அகலம், எடை, பாகின் அடர்த்தி, உலர்த்திய நேரம் எல்லாவற்றையும் கட்டுப்பாட்டாளர் அளந்து வைத்திருந்தார். அளக்காத ஒன்று சுவை. அவருக்கு ரத்தத்தில் சர்க்கரை அதிகம். இனிப்பின் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே தன் கையால் செய்ததில் ஒரு துணுக்கைக்கூட அவர் வாயில் வைத்ததில்லை. படைத்தவன் பற்றற்று நிற்க, பணியாளர்கள் பயனை நுகர்ந்தார்கள். இப்படிப்பட்ட தியாகத்தை வேறு எந்த அலுவலகத்தில் பார்க்க முடியும்?

பயன் எப்படி இருந்தது? தோலில் கசப்பு உண்டு. அந்தக் கசப்பு நீங்க வேண்டுமானால் தோலைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். மறுபடி கொதிக்கவைத்து மறுபடி கொட்ட வேண்டும். மூன்றாவது தடவையும் அதே. அதன் பிறகுதான் பாகு. முத்திரை எழுத்தருக்கு இது பள்ளிக்கூட நாளிலேயே மனையியல் டீச்சர் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் கட்டுப்பாட்டாளர் கைபேசியில் பார்த்த ஒரு காணொளியில், தண்ணீரைக் கொட்டினால் சத்தெல்லாம் போய்விடும் என்று ஒருவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னாராம். எனவே கட்டுப்பாட்டாளர் ஒரு சொட்டும் கொட்டவில்லை. அதே தண்ணீரில் சர்க்கரையைப் போட்டுப் பாகாக்கினார். தோலின் கசப்பு முழுவதும் தோலுக்கே திரும்பி வந்தது. அதுவும் கம்பிப் பதத்தில்.

வேப்பிலையை வெல்லப் பாகில் தோய்த்துத் தின்றவர்களுக்கு அதன் ருசி ஓரளவு பிடிபடும். அதில்கூட வெல்லம் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும்.

"எப்படி இருக்கு?" என்று கேட்பார் கட்டுப்பாட்டாளர்.

"ஆழமா இருக்கு சார்" என்பார் எதிரொலி, கண்ணில் நீர் முட்ட.

"பக்குவம் சார், பக்குவம்" என்பார் ஆய்வக உதவியாளர், துண்டை நாக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே பதுக்கிக்கொண்டு.

"இது நாக்குல இனிக்கிற இனிப்பு இல்ல சார். நெத்தியில இனிக்குது" என்பார் கணக்கர். அவருக்கு உண்மையிலேயே நெற்றி வலித்துக்கொண்டிருக்கும்.

முதல் சில வாரங்கள் முத்திரை எழுத்தர் ஒன்றும் சொல்லவில்லை. கைக்குட்டையில் துப்பி, கைக்குட்டையைப் பையில் வைத்து, வீட்டுக்குப் போய்த் துவைத்தாள். ஒருநாள் எதிரொலி அவள் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, துறைமுகத்துக்கு எத்தனை மனுதான் போடுவ?"

"மூணு போட்டுட்டேன் சார்."

"மனு மேல மனு போட்டா கனம்தான் ஏறும், காரியம் நடக்காது. உனக்குத்தான் எழுத வருதே. தோலைப் பத்தி நாலு வரி எழுதேன். மனுஷன் குளுந்து போயிடுவார்."

"கசக்குதே சார்?"

"யாருக்குத்தான் கசக்கல? எனக்கு ரெண்டு நாளைக்குக் காப்பியே பிடிக்கறதில்ல. அதை வெளியில சொல்லணும்னு எந்த விதியில இருக்கு?"

அந்தத் திங்கள்கிழமை 'கருத்துப் பதிவேட்டில்' முத்திரை எழுத்தரின் அச்செழுத்து முதல் தடவையாக விழுந்தது: 'முதலில் இனிப்பு. அதன் பின் மௌனம்.'

கட்டுப்பாட்டாளர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். "யார் எழுதினது?" என்று கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது. முப்பத்திரண்டு ஆண்டுச் சேவையில் யாரும் அவரை இரண்டே வாக்கியத்தில் புரிந்துகொண்டதில்லை.

அன்றிலிருந்து அவள் எழுதாத திங்கள் இல்லை. 'இந்த எலுமிச்சைத் தோல் எதையும் கெஞ்சவில்லை.' 'பாகு வந்து போகிறது, தோல் நிலைக்கிறது.' வாரத்துக்கு வாரம் எழுத்து தேறியது. 'சுவைக் குறிப்பாளர்' என்ற கூடுதல் பொறுப்பு அவளுக்கு ஆணையாகவே வந்தது. மனு இரண்டாவது இழுப்பறையிலிருந்து முதல் இழுப்பறைக்கு உயர்ந்ததாக ஓட்டுநர் சொன்னார். கட்டுப்பாட்டாளரின் காரை ஓட்டுகிறவர் அவர். டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போய்வருகிறவரும் அவர்தான்.

"சீக்கிரம் வந்துடும் அக்கா. நானே பாத்தேன், மேல இருக்கு" என்றார் ஓட்டுநர்.

அந்த மகிழ்ச்சியில் அவள் வேலையில் இன்னும் கறாராகிவிட்டாள். திராட்சை விற்கும் ஒரு கிழவி தராசைக் கொண்டுவந்தாள். சோதித்தால் கிலோவுக்கு எட்டு கிராம் குறைவு.

"எட்டே கிராம்தானேம்மா. ரெண்டு பழம்கூட வராது" என்றாள் கிழவி.

"எட்டு கிராமா இருந்தாலும் பொய் பொய்தான் பாட்டி" என்று சொல்லி, முத்திரை எழுத்தர் 'நிராகரி' என்று குத்தினாள். குத்திய கையைத் துடைத்துக்கொண்டு பதினொரு மணிக் கூட்டத்துக்குப் போய், சாத்துக்குடித் தோலைப் பற்றி ஒரு பத்தி எழுதினாள்.

அடுத்த கட்டம் வந்தது. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. செய்முறையை நேர்ல பாத்தாத்தான் குறிப்புல உயிர் வரும்" என்றார் கட்டுப்பாட்டாளர். அது அவள் ஊருக்குப் போக வேண்டிய சனி ஞாயிறு. மகளுக்குப் பள்ளியில் பாட்டுப் போட்டி. பயணச்சீட்டை ரத்து செய்துவிட்டு, மகளிடம் போனில் "இன்னும் கொஞ்ச நாள்தான் கண்ணு, அப்புறம் அம்மா அங்கயேதான்" என்றாள்.

கட்டுப்பாட்டாளர் வீட்டுச் சமையலறையில் அடுப்பு மேடை, தரை, ஜன்னல் விளிம்பு, குளிர்சாதனப் பெட்டியின் தலை எங்கும் பாத்திரங்கள். ஒவ்வொன்றிலும் தோல். ஒவ்வொன்றின் மேலும் சீட்டு: 'நாள் 3', 'நாள் 7'. ஜன்னலோரக் கம்பி வலையில் உலர்ந்துகொண்டிருந்தன புதிய தயாரிப்புகள். உண்ணத்தக்க மலர்கள். ரோஜா இதழ்களிலும் செம்பருத்தி இதழ்களிலும் முட்டையின் வெள்ளைக்கருவைச் சின்னத் தூரிகையால் பூசி, நைஸ் சர்க்கரை தூவியிருந்தார். ஓர் இதழில் ஓர் எறும்பு, நடந்து போன வாக்கிலேயே சர்க்கரைக்குள் நின்றிருந்தது.

கட்டுப்பாட்டாளரின் மனைவி வாசலில் நின்றபடி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா அந்த மௌனம் எழுதினவ?"

"ஆமாங்கம்மா."

"ஏம்மா இப்படி ஏத்தி விடற? சோறு வடிக்க எனக்கு ஒரு பாத்திரம் கிடையாது இந்த வீட்ல. பக்கத்து வீட்ல கடன் வாங்கி வடிக்கிறேன். முதல்ல செஞ்சப்ப நான் ஒரு துண்டு தின்னேன். கசக்குதுன்னு சொன்னேன். அதோட வீட்ல யாருக்கும் கொடுக்கறதில்ல, ஆபீசுக்குத்தான் கொண்டு போறார். சம்பளம் வாங்கறவங்க தின்னுதானே ஆகணும்?"

முத்திரை எழுத்தர் தரையைப் பார்த்தாள். தரையில் 'நாள் 5' இருந்தது.

கட்டுப்பாட்டாளர் கரண்டியோடு வந்தார். கொதிக்கும் தோல் பாத்திரத்தை அவளுக்குக் காட்டினார். பிறகு, எதையோ நினைத்துக்கொண்டவர்போல நிறுத்தினார்.

"ஒரு விஷயம் கேக்கணும். சில பேர் இந்தத் தண்ணியை மூணு தடவை கொட்டணும்னு எழுதறாங்க. நான் கொட்டறதில்ல. உங்க நாக்கு நம்பிக்கையான நாக்கு. நீங்க சொல்லுங்க. கொட்டணுமா?"

வரலாற்றில் இப்படிப்பட்ட தருணங்கள் உண்டு. ஒரு சொல் போதும். ஓர் அலுவலகம் முழுவதின் நாக்கும் விடுதலையாகியிருக்கும். முத்திரை எழுத்தருக்கு மனையியல் டீச்சரின் குட்டு உச்சந்தலையில் உறைத்தது. மூன்று தண்ணீர் என்ற சொல் தொண்டை வரை வந்தது. அங்கே முதல் இழுப்பறை குறுக்கே நின்றது.

"கொட்டினா சத்து போயிடும் சார்" என்றாள்.

"அதானே!" என்றார் கட்டுப்பாட்டாளர். கதவோரம் நின்ற அவர் மனைவி பக்கத்து வீட்டுக்குப் பாத்திரம் வாங்கப் போனார்.

மறுநாள் கூட்டத்துக்கு மலர்களும் வந்தன. எதிரொலிக்கு எறும்பு இதழ் போய்ச் சேர்ந்தது. "இதுல ஒரு உயிரோட்டம் இருக்கு சார்" என்று சொல்லி விழுங்கினார். அன்று கட்டுப்பாட்டாளர் மிகுந்த உற்சாகத்தில் இருந்தார். "நாமளே சாப்பிட்டு நாமளே பேசினா எப்படி? பொதுமக்கள் பார்வையும் வேணும்" என்றவர், டப்பாக்களை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஓட்டுநரைக் கூப்பிட்டார். ஐந்தாறு மாதமாகத் தோலைச் சுமந்தவருக்கு அன்றுதான் அது தின்னக் கிடைத்தது.

ஓட்டுநர் ஒரு துண்டை வாயில் போட்டார். இரண்டு தடவை மென்றார். நின்றார். பிறகு உள்ளங்கையில் துப்பிவிட்டு, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் சொன்னார்:

"கசக்குது சார்."

கண்ணாடிக் கூண்டுக்குள் தராசின் முள்கூட அசையவில்லை.

"என்ன?"

"கசக்குது சார். தண்ணியைக் கொட்டாம விட்டுட்டாங்கபோல. எங்க வீட்லயும் ஒரு தடவை இப்படி ஆயிடுச்சு."

கட்டுப்பாட்டாளர் முகத்தில் முதல் தடவையாகச் சந்தேகம் தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. தானே தின்ன முடியாத மனிதர். பன்னிரண்டு நாக்குகளை நம்பி நின்றவர். மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. வேற யாருக்காவது கசக்குதா?"

"இல்ல சார்" என்றது எதிரொலி, கேள்வி முடியுமுன்பே.

"அப்படி ஒரு எண்ணமே வரல சார்" என்றார் ஆய்வக உதவியாளர்.

"எனக்கு இன்னைக்கு நெத்தியில ரெண்டு பக்கமும் இனிக்குது" என்றார் கணக்கர்.

கட்டுப்பாட்டாளர் கடைசியாக முத்திரை எழுத்தரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. மத்தவங்க சொல்றது கிடக்கட்டும். நீங்க சொன்னா நான் ஏத்துக்கறேன்."

ஓட்டுநரும் அவளைத்தான் பார்த்தார். 'அக்கா சொல்லிடுவாங்க' என்ற நிம்மதி அந்த முகத்தில் இருந்தது.

"அவருக்குச் சுவைப் பழக்கம் போதாது சார்" என்றாள் முத்திரை எழுத்தர். குரலில் அடித்தல் திருத்தல் இல்லை.

நீதி அன்று பிற்பகலே செயல்பட்டது. அவளைக் கட்டுப்பாட்டாளர் அறைக்கு அழைத்தார். ஓர் ஆணை எழுத வேண்டும், அவள் கையாலேயே எழுத வேண்டும் என்றார். அவள் பேனாவைத் திறந்தாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள்:

'அலுவலக நல்லிணக்கத்துக்கு ஊறு விளைவித்த காரணத்தால், ஓட்டுநர், தண்டனை நடவடிக்கையாக, உடனடியாகத் துறைமுகக் கிளைக்கு இடமாற்றம் செய்யப்படுகிறார்.'

'துறைமுக' என்பது வரை கை எழுதிவிட்டது. 'கிளைக்கு' என்பதில்தான் நின்றது.

"சார்... அங்க வருஷத்துக்கு ஒருத்தர்தான்..."

"ஆமா. இந்த வருஷக் கணக்கு இதோட முடிஞ்சது. உப்புக் காத்துல கிடந்தாத்தான் அந்த நாக்குக்குப் புத்தி வரும்."

"என்னோட மனு சார்?"

"அதைத்தான் நானே சொல்லணும்னு இருந்தேன்" என்று முதல் இழுப்பறையைத் திறந்தார். மனுவின் ஓரத்தில் பச்சை மையில் அவர் எழுதியிருந்ததைத் தானே வாசித்தார்: "'இவரது நாக்கு இவ்வலுவலகத்துக்கு இன்றியமையாதது. எக்காலத்திலும் விடுவிக்க இயலாது.' முப்பத்திரண்டு வருஷத்துல யாருக்கும் இப்படி நான் எழுதினதில்லம்மா. உங்களை அனுப்பிட்டா நான் யாருக்காகச் செய்வேன், சொல்லுங்க?"

அவள் நன்றி சொன்னாள். சொல்லாமல் என்ன செய்வது? பாராட்டு வந்திருக்கிறதே.

ஓட்டுநர் புறப்படுமுன் அவள் மேசைக்கு வந்தார். மகளுக்குத் தைத்து வைத்திருந்த கவுனை ஒரு பொட்டலமாகக் கட்டி அவரிடம் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. உங்க இடத்துக்கே என்னை அனுப்பிடுவார்னு தெரிஞ்சிருந்தா நான் இன்னும் ரெண்டு துண்டு முழுங்கியிருப்பேன்" என்றார் ஓட்டுநர். அவர் சொன்னது கேலியா, வருத்தமா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. கட்டுப்பாட்டாளர் பெருந்தன்மையோடு கொடுத்தனுப்பிய ஒரு டப்பா தோலும் அவர் கையில் இருந்தது, 'நாக்குப் பழகுவதற்காக'.

மூன்றாம் நாள் மாலை, அவள் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது கணவன் போன் செய்தான்.

"உங்க ஆபீஸ் டிரைவர் வந்தார். கவுன் கொடுத்தார், அளவு சரியா இருக்கு. கூட ஒரு டப்பாவும் கொடுத்தார். என்னது அது?"

"எங்க சார் வீட்ல செஞ்ச ஆரஞ்சுத் தோலுங்க."

"கசக்குது. பாப்பா துப்பிட்டா."

"அது கசப்பு இல்லங்க" என்றாள் முத்திரை எழுத்தர். யோசிக்கவே இல்லை, வார்த்தைகள் வரிசையில் நின்று வந்தன. "தோல் தன்னோட குணத்தை ஒளிக்காம நம்மகிட்ட நேர்மையாப் பேசுது. முதல் கடியில புரியாது. பொறுமையா மென்னா, உள்ளுக்குள்ள ஒரு நிறைவு வரும்."

கணவனுக்குப் பின்னால் மகள் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

"இவ்வளவு நல்லாப் பொய் சொல்ற ஆளை" என்றான் அவன், "எந்த அதிகாரி விட்டுக் கொடுப்பான்?"